தண்ணீர் இறங்கினால் ஆனை வரும்

மின்னேரியாவுக்கு யானை பார்க்கப் போகிறவர்கள் ஹோட்டலை விசாரிக்கிறார்கள், ஜீப் வாடகையை விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது வயலை. பொலன்னறுவைப் பக்கம் சிறுபோகத்துக்கு எப்போது துரிசு திறந்தார்கள், மின்னேரியாக் குளம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கதிர் முற்றிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் விதைப்பு. அதிலிருந்து அறுவடைக்கு முன்வரை தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆடி முடியும்போது குளம் பாதியாகச் சுருங்கியிருக்கும். தண்ணீர் விலகிய இடத்தில் சேறு தெரியும். சேறு காயுமுன்பே அதில் இளம்புல் எழும்பிவிடும். சுற்றுக்காட்டில் இலை கருகி, மடுக்கள் வற்றிக் கிடக்கிற அந்த மாதங்களில் பச்சைப் புல்லும் குடிக்கத் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் இந்தக் குளத்தின் வயிறுதான். அதனால் யானைகள் வருகின்றன. கவுடுல்லை, ஹுருலு பக்கத்துக் காடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்து, நல்ல வருஷங்களில் ஒரே மாலையில் முந்நூறு வரைக்கும் நிற்கும். ஆசிய யானை இத்தனை பெருந்தொகையாக வேறெங்கும் கூடுவதாகத் தெரியவில்லை. சுற்றுலாக்காரர்கள் இதற்கு 'த கேதரிங்' என்று பெயர் வைத்து உலகமெங்கும் விற்கிறார்கள்.

காட்டு அதிசயம் என்று விற்கப்படுகிற இதில் காட்டின் பங்கைவிட வாய்க்காலின் பங்கு பெரிது. குளம் மனிதன் கட்டியது. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட மகாசேனனின் வேலை. அவன் 16 குளங்கள் கட்டியதாக மகாவம்சம் கணக்கு வைத்திருக்கிறது. கோகர்ணத்தில் தேவர் கோயிலை அழித்து விகாரை எழுப்பியதையும் அதே நூல்தான் சொல்கிறது. கோகர்ணம் என்பது எங்கள் திருகோணமலை. ஆகவே கிழக்குத் தமிழருக்கு மகாசேனனோடு ஒரு பழைய வழக்கு உண்டு. மின்னேரிய விவசாயிகளுக்கோ அவன் மன்னன் நிலையைத் தாண்டித் தெய்வமாகிவிட்டான், 'மின்னேரி தெய்யோ' என்று கும்பிடுகிறார்கள். மாத்தளை மலைகளில் இருந்து இறங்கும் அம்பன் கங்கையை எலஹெரவில் திருப்பி, கால்வாய் வழியாக இங்கே கொண்டுவந்து நிறுத்தியவனை வேறென்ன செய்வது? அந்தக் குளத்தையும் சுற்றுக்காட்டையும் 1938-ல் சரணாலயம் ஆக்கினார்கள், 1997-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பரப்பு 8,889 ஹெக்டேயர். முந்நூறு யானைக்கு இது போதவே போதாது. அவை இங்கே குடியிருப்பவை அல்ல, பருவத்துக்கு வந்து போகிறவை.

எங்கள் பயணத்துக்குக் காரணம் லண்டனிலிருந்து வந்த தங்கச்சி, சித்தப்பாவின் மகள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் யானையை மிருகக்காட்சிசாலையில் பார்த்ததோடு சரி. வான் ஒன்று பிடித்தோம். வானில் ஓர் இருக்கை மிஞ்சியது. பெரியப்பாவையும் ஏற்றிக்கொள்வோம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெரியப்பா படுவான்கரைக்காரர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் காடும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடக்கிற பக்கம் அது. பூங்காவுக்குள் போக டிக்கட் எடுக்க வேண்டும், ஜீப்புக்குத் தனிக்காசு என்றதும் அவர் வானின் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன மனே, ஆனை பாக்கக் காசா? எங்கட வட்டைக்கு வா. ராவைக்கு ராவு ஓசியில காட்டுறன். ஓடத் தெரிஞ்சாப் போதும்.”

சிரிப்புக்குப் பின்னால் இருப்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய ஊரில் கல்வீட்டின் சுவரையே யானை இடித்துவிட்டுப் போயிருக்கிறது. வீட்டுக்குள் அடுக்கியிருந்த நெல்மூட்டையின் வாசம் அதற்கு எட்டியிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். கடையை மூடிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தவர் ஒருவர் வந்து சேராமலே போனதும் அதே ஊரில்தான். வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்தால் பெரியப்பா வீட்டில் படுப்பதில்லை. பரணில் தீயும் டோர்ச் லைட்டுமாக விடியும்வரை இருப்பார். வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கிற யானை வெடி நாலைந்து பக்கத்தில் இருக்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையால் செத்தார்கள். இரண்டு கணக்கிலும் கிழக்குக்குப் பங்கு உண்டு.

மட்டக்களப்பிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டம். வாழைச்சேனை, ஓட்டமாவடி, புணாணை. 1924-ல் ஆட்களை அடித்துத் தின்ற சிறுத்தை ஒன்றைச் சுட்டது இந்தப் புணாணையில்தான். அதன் உடல் பாடம் செய்யப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பிறகு வெலிக்கந்தை. யுத்த காலத்தில் இங்கே இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, மறுபடி ஏறியவர்கள் இப்போது யன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. மன்னம்பிட்டியில் மகாவலி. ரயிலும் வாகனமும் ஒரே தடத்தில் முறை வைத்துப் போன பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் நிற்க, நாங்கள் புதுப்பாலத்தில் கடந்தோம். பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈஸ்வரத்தைத் தங்கச்சிக்குக் காட்டலாம் என்ற யோசனையைப் பிள்ளைகள் ஒரே குரலில் நிராகரித்தார்கள். கதுருவெலயில் பிளேன்டீயும் மாலு பாணும். பகல் ஒரு மணிக்கு மின்னேரியாவைத் தாண்டியிருந்தோம்.

பூங்கா வாசல் ஹபரணைப் பாதையில் அம்பகஸ்வெவவில் இருக்கிறது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை திறப்பு. ஆனால் காலையில் போய்ப் பயன் அதிகமில்லை. பகல் முழுதும் யானைகள் காட்டின் நிழலில் நிற்கும். மூன்று மணிக்குப் பிறகு வெயில் சாயச் சாயத்தான் வெளியே வரும். அதனால் எல்லா ஜீப்பும் இரண்டரை மூன்றுக்கே புறப்படுகிறது. டிக்கட் ஜன்னலில் சின்னதொரு நாடகம் நடந்தது. அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதன் பல மடங்கு, அதுவும் டொலர்க் கணக்கில். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்த தங்கச்சி பிரித்தானியர் விலை கொடுத்தாள். ஜன்னலுக்குள் இருந்தவர் சிரித்த முகத்தோடு மீதியை எண்ணிக் கொடுத்தார். “உன்ர காசிலதான் இண்டைக்கு ஆனைக்குச் சாப்பாடு” என்றார் பெரியப்பா.

ஜீப்புக்கு மேலே கூரை, பக்கமெல்லாம் திறப்பு, பின்னால் படிப்படியாக உயரும் இருக்கைகள். மின்னேரியாவில் பெரும்பாலும் சாரதிதான் வழிகாட்டியும். எங்களுக்கு வாய்த்தவன் ஹிங்குராக்கொடைப் பக்கத்துப் பையன். முப்பது வயதிருக்கும். கட்டடவேலைக்குப் போன இடத்தில் கற்ற தமிழ் கையில் இருந்தது. பெரியப்பாவை 'அங்கிள்' என்றான், பெரியப்பா அவனை 'மல்லி', அதாவது தம்பி, என்றார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவர்கள் இருவரும் எங்களைப் பொருட்படுத்தவில்லை.

முதல் அரைமணி வெறும் காடு. பாலை, வீரை, முதிரை. மழை காணாத மண்பாதையில் முன்னே போன ஜீப்பின் புழுதி எங்கள் வாய்க்குள். பாதை நெடுக யானையின் இலத்தி கிடந்தது. சாரதி வண்டியை நிறுத்தி ஒன்றைக் காட்டினான், விளிம்பு காயாத புதிசு. பிள்ளைகள் மூக்கைப் பொத்த, பெரியப்பா ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “புல்லும் பட்டையும் மட்டும்தான். நெல்லு இல்ல” என்றார். அவருடைய ஊரில் இலத்தியைக் குச்சியால் கிளறி, உமி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எந்த வயலில் முதல் நாள் மேய்ந்தது என்று தீர்மானிப்பார்கள். சாரதி தலையாட்டினான். அவன் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பாராம்.

மரங்கள் விலகியதும் வெளி திடீரென்று அகலமானது. எதிரே தூரத்தில் குளக்கட்டு. இந்தப் பக்கத்துக் கரையில் மருதமரங்கள். நடுவே வெள்ளிக்கோடாகத் தண்ணீர், தண்ணீருக்கும் எங்களுக்கும் இடையே மைல் கணக்கில் புல். தண்ணீர் ஓரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் சந்தையில் போல நெருக்கியடித்து நின்றன. புல்லில் கரும்பாறைகள் கிடந்தன. அவற்றில் ஒன்று காதை ஆட்டியதும் சின்னவன் கத்திவிட்டான்.

எண்ணத் தொடங்கினான் பெரியவன். எழுபதைத் தாண்டியதும், நடந்துபோகிறவற்றை இரண்டு முறை எண்ணுகிறோமோ என்ற சந்தேகம் வந்து விட்டுவிட்டான். ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது. கிழவி ஒருத்தி, அவள் பெண்மக்கள், பேத்திகள், கால்களுக்கிடையே குட்டிகள். யானைக் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து வயதுவரைதான் இடம், பிறகு வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்தப் புல்வெளிக்கு வயதுவந்த ஆண்கள் வருவதும் புல்லுக்காக மட்டுமல்ல. இத்தனை பெண்கள் ஓரிடத்தில் கூடும் மாதம் வருஷத்தில் வேறு இல்லை.

எங்களுக்கு மிக அருகே ஒரு பெண் யானை மேய்ந்துகொண்டிருந்தது. இருபது அடி இருக்கும். அதன் காதோரம் முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள். இலங்கை யானைகளுக்கு வயது ஏற ஏற இப்படித் தோல் வெளுக்கும். புல் குட்டையானது, விரற்கடை உயரம்கூட இல்லை. தும்பிக்கையால் அதைப் பிடிக்க முடியாது. யானை முன்காலின் நகத்தால் தரையை லேசாக உதைக்கிறது. ஒரு உதை, இரண்டு உதை. வேரோடு பெயர்ந்த புல்லைத் தும்பிக்கையால் கூட்டி ஒரு பிடியாக்குகிறது. ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் ஒரே ஒரு விரல் போன்ற மடிப்புத்தான் உண்டு. அதை வைத்தே சிந்தியதையும் பொறுக்குகிறது. பிறகு வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பிடியை முன்காலில் அடிக்கிறது. பட், பட். மண் உதிர்கிறது. ஒருமுறை பார்த்து, இன்னும் மண் இருந்ததோ என்னவோ, மறுபடி அடிக்கிறது. அதற்குப் பிறகுதான் வாய். அடுத்த உதை. ஒரு நாளைக்கு 150 கிலோ தின்ன வேண்டிய உடம்பு, பிடி பிடியாக, மண் தட்டி. அதன் பக்கத்தில் நின்ற குட்டி தானும் காலால் உதைத்தது. புல் பெயரவில்லை. தும்பிக்கையைச் சுழற்றி வெறும் காற்றைக் காலில் அடித்துவிட்டு, தாயின் வாயோரம் தொங்கிய புல்லை இழுத்தது.

பெரியப்பா வாயே திறக்கவில்லை. ஆயுளில் பாதிக்கு மேல் யானையோடு மல்லுக்கட்டிய மனிதர். ஆனால் அவர் யானையைப் பார்த்ததெல்லாம் இருட்டில், டோர்ச் வெளிச்சத்தில், ஓடுகிற அவசரத்தில். அது எப்படித் தின்னும் என்பதை நிதானமாகப் பார்க்கும் வசதி அவருக்குக் கிடைத்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மண்ணுத் தட்டித் தின்னுது பாத்தியா. எங்கட வயலுக்க வந்தா அதுக்கு இந்த வேலையெல்லாம் இல்ல மனே. இடுப்பு உயரத்துக்கு நிக்கும் கதிரு. ஒரே இழுவை” என்றார். யானை ஏன் வயலுக்கு வருகிறது என்பதற்கு நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை.

தந்தமுள்ள யானையைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்தார்கள். கொம்பன் அன்று வரவில்லை. இலங்கையில் கொம்பனைப் பார்ப்பதே அதிர்ஷ்டம்தான். 2011 கணக்கெடுப்பில் 5,879 யானைகள். அவற்றில் தந்தமுள்ளவை நூற்றுக்கு இரண்டளவில். ஆண்களை மட்டும் எடுத்தாலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. நூற்றாண்டுக்கணக்காக நல்ல கொம்பன்களைத் தேர்ந்து பிடித்துக் கப்பலேற்றியதும் இதற்குக் காரணம் என்பார்கள். வன்னியர்கள் திறையாக யானை கொடுத்திருக்கிறார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னிக்காட்டு யானைகளைப் பரவைக்கடல் கடத்தி யாழ்ப்பாணத்தில் விற்றிருக்கிறார்கள், ஆனையிறவு என்ற பெயர் அங்கே நிற்பது அதனால்தான். ஆங்கிலேயர் வந்தபின் பிடிப்பதைவிடச் சுடுவது பெரிதாயிற்று. யானை ஒன்றைக் கொன்றால் அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது. மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேல் சுட்டார். 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இந்த மின்னேரியா வெளியும் தப்பவில்லை. சாமுவேல் பேக்கர் இங்கே வந்து சுட்டதைப் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். இன்று ஜீப்புகள் நிற்கிற இதே கரையோரம் அவருடைய துவக்கும் நின்றிருக்கும்.

கொம்பன் இல்லாத குறையை மதங்கொண்ட ஓர் ஆண் யானை தீர்த்துவைத்தது. கன்னத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நனைந்த கறுப்புக் கோடு வழிந்திருந்தது, பின்கால்களின் உட்புறமும் ஈரம். தலையை உயர்த்தி, எந்த அவசரமும் இல்லாமல் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு நடந்து, ஒவ்வொரு பெண்ணையும் தும்பிக்கையால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. மேய்ந்துகொண்டிருந்த சின்ன ஆண்கள் விலகி வழிவிட்டன. சாரதி சொல்லாமலே என்ஜினை முடுக்கி வண்டியைப் பின்னால் எடுத்தான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் இது பொழுதுபோக்கு மட்டுமில்லை என்று பிள்ளைகளுக்கு விளங்கியது.

ஐந்து மணிக்குள் வெளியில் ஜீப்புகள் பெருகிவிட்டன. எங்கே கூட்டம் பெரிது என்று சாரதிகள் கைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள, நாற்பது ஐம்பது வண்டிகள் அங்கே பாய்ந்தன. ஒரு குடும்பத்தை மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீருக்குப் போகும் பக்கத்தில் ஒரு வண்டி குறுக்கே வந்து நின்றது. குட்டி அந்தப்பக்கம், தாய் இந்தப்பக்கம். தாய் காதை விரித்து, தலையை உலுக்கி, புழுதி பறக்க நாலு எட்டு ஓடிவந்து நின்றது. வண்டிக்குள் கீச்சுக்குரல்கள், பிறகு கைதட்டல். யானை மிரட்டியதைக் காட்சி என்று நினைத்துக் கைதட்டுகிறவர்களை என்ன சொல்வது? அந்த வண்டி விலக மேலும் ஐந்து நிமிஷமாயிற்று. எங்கள் பையன் ஒருமுறை ஹோர்ன் அடிக்கக் கையெடுத்து, அடிக்காமல் விட்டான். வழிகாட்டியை வண்டியோடு கட்டாயம் ஏற்ற வேண்டும், ஒரு நேரத்தில் உள்ளே விடும் ஜீப்புகளுக்கு எல்லை வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நடக்கும்போதே வண்டிகள் கூடிவிட்டன.

பெரியப்பாவும் அவனும் பேசிக்கொண்டிருந்த விஷயம் வேறு. நான் காதைக் கொடுத்தேன்.

“இந்த வருஷம் பரவாயில்ல அங்கிள். தண்ணி கொறைஞ்சது, புல்லு வந்தது. சில வருஷம் இல்ல. மொரகஹகந்த வந்ததுக்குப் பொறகு குளம் காயறது இல்ல.”

அம்பன் கங்கைக்குக் குறுக்கே கட்டிய பெரிய நீர்த்தேக்கம் மொரகஹகந்தை. கோடையிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் அனுப்பும் வல்லமை அதற்கு உண்டு. அனுப்பினால் குளம் நிறைந்து நிற்கிறது. புல்வெளி தண்ணீருக்கடியில் போய்விடுகிறது. அப்படியான வருஷங்களில் யானைக்கூட்டம் சுருங்கியது. வந்தவை வற்றல் தொற்றலாக நின்றன. மற்றவை புல் தேடி வேறெங்கோ போயின. வேறெங்கோ என்றால் யாருடைய வயலோ. கோடை மாதங்களில் குளத்தைக் கொஞ்சம் இறங்கவிடுங்கள் என்று ஜீப்காரர்களும் சூழலியல்காரர்களும் நீர்ப்பாசன அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“குளம் நிறைஞ்சு கிடக்கிறது நல்லதுதானே மல்லி? தண்ணி காணாது எண்டு நாங்க அழுறம்.”

“அப்பாக்கு நல்லம்” என்றான் அவன். “எனக்கு நல்லமில்ல.”

அவன் வீட்டில் இரண்டு ஏக்கர் வயல். மின்னேரியாக் குளத்துத் தண்ணீர்தான். போகம் தவறாமல் விளைந்தால் அப்பாவின் பக்கம் சரி, யானை வராமல் ஜீப்பின் தவணைப்பணம் கட்டமுடியாது. யானை வந்தால் ஜீப் ஓடும். ராத்திரி அதே யானை அப்பாவின் வயலில். இந்தச் சண்டையைக் காட்டுக்கும் மனிதனுக்கும் நடக்கும் சண்டை என்று எழுதுகிறோம். அது ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி, ஒரே வீட்டுக்குள் நடக்கிற சண்டையாக இருக்கிறது. தண்ணீரை எந்த மாதம் எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கிற மேசையில் யானைக்காகப் பேச ஓர் ஆள் இருந்தால் பாதி தீரும். இந்தக் குளத்தை நம்பித்தான் இத்தனை யானைகள் தங்கள் வருஷத்தை அமைத்துக்கொண்டிருக்கின்றன. மனிதன் பழக்கிய பழக்கத்தை மனிதனே ஒருநாள் அணைக்கட்டு ஒன்றால் மாற்றிவிட்டு, யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்று கேட்பதில் நியாயமில்லை.

நான் இதைச் சொன்னபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “நீ மேசையில ஆளை வை. ஆனை என்ர வாடிக்கு வந்தா அந்த ஆளை எங்க தேடுற?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆறு மணிக்கு முன் வெளியேற வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பினார்கள். கூட்டம் அப்போதுதான் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வருவது பூங்கா விதி, எனக்கு அதில் குறை இல்லை. இரவில் மட்டுமாவது அவற்றைச் சும்மா விடவேண்டும்.

வாசலுக்கு வெளியே கொஞ்சத் தூரத்தில் பாதையோரம் ஓர் ஆண் யானை தனியே நின்றது. காரில் வந்த ஒருவர் வாழைப்பழச் சீப்பை யன்னலால் நீட்டிக்கொண்டிருந்தார். சாரதிக்குக் கோபம் வந்து சிங்களத்தில் ஏதோ கத்தினான். இப்படிப் பழகிய யானைகள்தான் பிறகு வாகனத்தை மறித்து, கதவைப் பிய்த்து, கடைசியில் துவக்குச் சூட்டிலோ ஹக்கப்பட்டாஸிலோ முடிகின்றன. பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் போடுகிற அந்தக் கொடுமையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம் என்று தங்கச்சி கண்ணால் சொன்னாள்.

ஹபரணையில் தேநீர்க்கடை. பக்கத்தில்தான் மட்டக்களப்பு ரயில்பாதை காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. 2018 செப்டம்பரில் கருப்பமாக இருந்த யானை ஒன்றும் இரண்டு குட்டிகளும் இந்தப் பாதையில் அடிபட்டன. 2025 பெப்ரவரி 20 அன்று மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் பயணிகள் ரயில் கல்ஓயாவுக்குக் கிட்ட ஒரு கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தடத்தில் தூங்கிக்கொண்டே கொழும்பு போய்வருகிறவர்கள் நாங்கள். பெரியப்பாவின் கடைசி மகன் மாதம் ஒருமுறை அதில்தான் வருவான். செய்தி வந்த அன்று ஊரில் யாரும் சந்தோஷப்படவில்லை என்று பெரியப்பா சொன்னார், யானையால் வீடு இழந்தவர்கள்கூட.

தேநீருக்குச் சாரதியையும் கூப்பிட்டிருந்தார் அவர். மேசையில் சீனிக்கிண்ணத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கரண்டிகளை அடுக்கி வேலி விஷயம் விசாரித்தார். நாட்டில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் மின்வேலி இருக்கிறது. அதில் எத்தனையோ, யானை இரண்டு பக்கமும் இருக்கிற காட்டின் நடுவே, திணைக்களத்தின் எல்லைக்கோட்டில் போட்டது. அதனால் யாருக்கும் காவல் இல்லை. வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாதீர்கள், ஊரையும் வயலையும் சுற்றிப் போடுங்கள் என்று யானை ஆராய்ச்சியாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ பல வருஷமாகச் சொல்லிவருகிறார். இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கில் மனிதர் குடியிருக்கிறார்கள் என்று கண்டு எழுதியதும் அவருடைய குழுதான். வயல் வேலியை விதைப்போடு போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட்டு, தாளடியை யானை மேய்ந்துகொள்ள விடுவது அந்த முறை. 2020-ல் எழுதிய தேசியச் செயல்திட்டத்திலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள். எழுதியது வேகமாக நடந்தது, போடுவது மெதுவாக நடக்கிறது.

சாரதியின் மாமா ஊரில் அப்படி ஒரு வேலி இருக்கிறதாம். பெரியப்பா வேலியின் நீளம் கேட்கவில்லை, பற்றரியின் விலையும் கேட்கவில்லை.

“கம்பிக்குக் கீழ வளர்ற புல்லை ஆரு வெட்டுற?”

அவர் கேட்டது சரியான கேள்வி. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும், யானைக்கு அது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அரசாங்க வேலிகள் பல செத்ததற்கு இதுவும் காரணம்.

“முறை போட்டு வெட்றது அங்கிள். ஒவ்வொரு வயல்காரனுக்கும் அளந்த துண்டு இருக்கு. வராதவனுக்குத் தண்டம்.”

“தண்டத்தை ஆரு அறவிடுற?”

“ஊர்ச் சங்கம்.”

பெரியப்பா சீனிக்கிண்ணத்தைச் சுற்றியிருந்த கரண்டிகளைத் திருப்பி எடுத்து வைத்தார். “வட்டவிதானையிட்டச் சொல்லிப் பாக்கிறன். கம்பி போட ஆள் வரும். எங்கட ஊர்லயும் சங்கம் ரெண்டு இருக்கு, ஆனா ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.” பிறகு சட்டைப்பையில் இருந்து பூங்கா டிக்கட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் சாரதியின் மாமாவுடைய தொலைபேசி இலக்கத்தை எழுதச் சொல்லி நீட்டினார்.